புள்ளி

மூன்று முறை நாவலாக எழுதிப் பார்த்தேன்.
முதல் தடவை, எல்லாவற்றுக்கும் அப்பாதான் காரணம் என்று
பதினோரு அத்தியாயம் ஓடியது.
இரண்டாவதில் தேவையில்லாமல் மழை.
மூன்றாவதில் அந்தப் பெண்ணுக்குக்
கையே இல்லை போல:
பார்க்கிறாள், கேட்கிறாள், அழுகிறாள்,
ஒன்றும் செய்வதில்லை.

சாட்ஸ்வர்த், யூனிட் ஐந்து.
பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்குபோட்ட வீடு.
அப்பா குரல் உயர்ந்தால்
சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவும் உயரும்.
அது அவர்கள் காட்டிய மரியாதை என்று
ரொம்பக் காலம் கழித்துத்தான் புரிந்தது.

எனக்குப் பதினான்கு.
ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை நானே போட்டேன்,
சி. மூட்லி, வால் சுழித்து.
கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"என்னைவிட நல்லா போடுறியே" என்றார்.
அப்பா என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.
இரண்டு நாள் அதை மிட்டாய்போல
நாக்கிலேயே வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை.
அம்மா ஜேக்கப்ஸில் ஓவர்டைம்.
மேஜைமேல் போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்,
பணம் எடுக்கும் சீட்டு.
க்ளேர்வுட்டில் ஒரு குதிரை இருக்கிறதாம்.
சாயங்காலமே திருப்பி வைத்துவிடலாமாம்.
"உனக்குத்தான் வரும், கண்ணு."
கண்ணு என்று அவர் வேறு யாரையும் கூப்பிட்டதில்லை,
குதிரைகளைத் தவிர.

இருநூற்றுப் பன்னிரண்டு ரேண்ட்.
சதாசிவன் அண்ணனின் டீச்சர் படிப்புக்கு
சட்டைக் காலர் தைத்துத் தைத்து அம்மா சேர்த்தது.
மூன்று நாவலிலும்
அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது என்று எழுதினேன்.
தெரியும்.
தெரிந்துதான் பேனா மூடியைக் கழற்றினேன்.

அம்மாவுக்கு எழுத வந்தது ஒரே ஒரு சொல்.
லோகம்பாள்.
நிதானமாக, அழகாக எழுதினேன்.
மாலைத் தமிழ் வகுப்பில்
பத்துக்குப் பத்து வாங்குகிறவள் நான்.

குதிரை எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து அம்மா போஸ்ட் ஆபீஸ் போனாள்.
கவுண்டரில் இருந்தவன் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினானாம்,
இதோ, உன் கையெழுத்துதானே என்று.
அவனுக்கு எல்லாச் சுழியும் ஒரே சுழி.

அன்றிரவு சமையலறை.
சர்க்கரைப் பொட்டலத் தாளைக் கிழித்து நீவி
அம்மா தன் பெயரை எழுதினாள்.
லோகம்பாள
"கடைசிப் புள்ளி நான் வைக்கிறதில்ல, சரோஷினி.
வைக்கணும்னு யாரும் சொல்லல."
அவ்வளவுதான்.
பெயர் வாயைத் திறந்தபடி மேஜைமேல் கிடந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவைக்கூடக் காணோம்.

ஜனவரியில் அண்ணன் பெயிண்ட் கம்பெனிக்குப் போனான்.
நகக்கண்ணில் பச்சையோடு வருவான்.
அப்பா சாகும்வரை அவரோடு பேசவில்லை,
கொள்ளி வைக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
நான் வாய் திறக்கவில்லை.
அப்பாவும் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.
எந்த நாவலிலும் எழுத முடியாமல் போனது
இதுதான்.

அதற்குப் பிறகு அம்மா போட்ட கையெழுத்துகளைப் பார்த்திருக்கிறேன்.
சம்பள ரசீது, தவணையில் வாங்கிய அடுப்பு,
என் கல்யாணப் பதிவு.
எல்லாவற்றிலும் கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி,
தாள் பொத்துக்கொள்ளும்படி அழுத்தி.
இனி யார் போட்டாலும் ஒன்றாகவே இருக்கட்டும் என்றா,
என்னை யாரும் பிடித்துவிடக் கூடாதென்றா,
இல்லை, சும்மா,
தெரிந்துகொண்ட தப்பைத் திருத்திக்கொண்டாளா.
கேட்டதில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம்.
அம்மாவின் கை நடுங்கி நிற்கவில்லை.
நர்சுக்கு அவசரம், டீ வண்டி வேறு வழியில்.
அம்மா பேனாவை என் பக்கம் தள்ளினாள்.
"நீ போடு. உனக்குத்தான் வருமே."

எழுதினேன்,
ள வரைக்கும்.
பேனா அதன்மேல் நின்றது.
அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.